மூன்றாவது குறை

குறை சொல்வது எங்களுக்குப் பழக்கம் இல்லை, பிழைப்பு. காலை எட்டரைக்குச் சங்கு ஊதியதும் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றால், மாலை ஐந்தரை வரைக்கும் தைத்து வரும் துணிகளில் எங்கே என்ன கோளாறு என்று தேடுவதற்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது. நூல் பிரிந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா என்று பார்த்து, கோளாறு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நன்றாக இருக்கும் துணிக்கு எதுவும் ஒட்ட வேண்டாம், எதுவும் சொல்லவும் வேண்டாம், அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். பதினொரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எனக்குக் கழுகு என்று பேர் வைத்ததே என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால்தான். அந்தப் பேரில் எனக்குக் கர்வம் உண்டு, அதை மறைப்பானேன்.

எங்கள் மேஜையில் மூன்று பேர். நெட்டை சின்னப் பெண், வாய் ஓயாது, சிரிப்பும் ஓயாது. சோடாபுட்டி என் வயசுக்காரி. அவ்வளவு கனமான கண்ணாடியை மாட்டிக்கொண்டு செக்கிங் வேலைக்கு எப்படி வந்தாய் என்று யாராவது கேட்டால், "கண்ணு தெரியாதவளுக்கே இவ்வளவு குறை தெரியுது, தெரிஞ்சிருந்தா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்" என்பாள்.

சனிக்கிழமைதோறும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ராத்திரிச் சந்தை கூடும். மூவரும் போவோம். வாங்குவதற்கு என்று போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. எங்களுக்கு ஒரு ஆட்டம் இருந்தது. கம்பெனியிலிருந்து ஆளுக்கு ஒரு சுருள் அம்புக்குறி ஸ்டிக்கரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவோம். சந்தையில் யார் கண்ணுக்கு முதலில் குறை படுகிறதோ, அவள் யாருக்கும் தெரியாமல் அங்கே ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வர வேண்டும். ஒட்டினால் ஒரு புள்ளி. முதலில் பத்து எடுப்பவளுடைய பையை மற்ற இரண்டு பேரும் வீடு வரைக்கும் தூக்க வேண்டும். பை என்ன பெரிய பை, ஜெயிப்பதுதான் முக்கியம்.

இப்போது குள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளி மூன்றாவது லைனில் தையல் மெஷினில் இருந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் எங்களோடு சந்தைக்கு வந்துகொண்டும் இருந்தாள். அவள் தைத்த துணிகளில் மூன்று வருஷத்தில் நான் ஒட்டிய ஸ்டிக்கர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பிடித்ததே இல்லை.

அவள் புருஷன்தான் அந்த லைனுக்கு சூப்பர்வைசர். வேலை நேரத்தில் அதட்டிப் பேசாத மனுஷன், வீட்டில் கைநீட்டுவான். ஒரு நாள் தாடை வீங்கி வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள், நாங்களும் அப்படியா என்று கேட்டுக்கொண்டோம். இரண்டாவது தடவையும் குளியலறைதான். மூன்றாவது தடவை அவள் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கே வேலையையும் விட்டு, புருஷனையும் விட்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

அண்ணன் வீடு ஒரே அறை, ஒரு சமையலறை. அண்ணிக்கு இது மூன்றாவது பிரசவம். அந்த இடுக்கில் அண்ணியின் பழைய மெஷினைத் துடைத்து வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துச் சந்தையில் விற்க ஆரம்பித்தாள் குள்ளி. புருஷன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழப்பையோடு வந்து மச்சான் முன்னால் உட்கார்ந்து அழுவானாம். கடைசியில் அண்ணன் கெடு வைத்துவிட்டான். நிலையாக ஒரு வருமானத்தைக் காட்டு, இல்லையென்றால் உன்னைக் கொண்டுபோய் அவன் வீட்டில் விட்டுவிடுவேன் என்று. பொல்லாதவன் இல்லை, முடியாதவன்.

போன வியாழக்கிழமை, வேலை விட்டு வெளியே வந்தபோது எதிர்ச்சாரி டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டு குள்ளி கையைக் காட்டினாள். புருஷன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றிருந்தாள்.

"அக்கா, சனிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு கடைக்காரம்மா என் கடைக்கு வராங்க. மெயின் ரோட்டுல ரெண்டு மாடிக் கடை. வாரம் நாப்பது கவுன் கேக்கறாங்க, வருஷம் பூரா. அன்னிக்குச் சரக்கைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்னாங்க."

"நல்ல விஷயம்தானே."

"நீங்க மூணு பேரும் அந்த நேரத்துக்கு வந்து வாங்கற மாதிரி நிக்கணும். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேற யாருமே இல்லாம கடை காத்தாடினா அவங்க என்ன நினைப்பாங்க."

"வர்றோம்டி."

"அண்ணன் சொன்ன கெடு திங்கக்கிழமையோட முடியுது. அதனாலதான் வெக்கத்தை விட்டுக் கேக்கறேன்."

"அதான் வர்றேன்னுட்டேன்ல, போ."

நிஜமாகவே அந்த எண்ணத்தில்தான் சொன்னேன். நம்பினால் நம்புங்கள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே சந்தைக்குப் போய்விட்டோம். எட்டு மணி வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று நெட்டைதான் ஸ்டிக்கரை எடுத்தாள். நுழைந்தவுடனே பிளாஸ்டிக் வாளி விற்கிறவனிடம் ஒரு வாளிக்குக் கைப்பிடி கோணல், ஒட்டினாள். செருப்புக் கடையில் ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த இரண்டும் இடது கால், நான் ஒட்டினேன். கடிகாரக் கடையில் பத்துக் கடிகாரம் பத்து நேரம் காட்டிக்கொண்டிருந்தது, அதில் எதற்கு ஒட்டுவது என்று சோடாபுட்டி திணறுவதற்குள் நெட்டை கடைக்காரன் கட்டியிருந்த கைக்கடிகாரத்துக்கே ஒட்டிவிட்டு வந்தாள். அது நின்றுபோயிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பொருளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சீப்பு, ஹேர்பின் விற்கிற பெண்ணுக்கு உச்சந்தலையில் முடி கொட்டிப் போயிருந்தது. அவள் குனிந்து சில்லறை தேடும்போது சோடாபுட்டி மண்டைக்கு நேராக, கடைக் கம்பத்தில், கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியை ஒட்டினாள். அடுத்து வந்த இரண்டு பெண்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தாள். அது செல்லுமா செல்லாதா என்று நெட்டை தகராறு செய்தாள், செல்லும் என்று நான்தான் தீர்ப்புச் சொன்னேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த ஒருத்தரின் முதுகில் நானே ஒட்டினேன். அவர் பலூன் கடை வரைக்கும் அதோடு போனார்.

எட்டு மணிக்கு நானும் நெட்டையும் ஒன்பதுக்கு ஒன்பது. சோடாபுட்டி ஏழு.

"ஆட்டத்தை இங்கயே நிறுத்திக்கலாம்டி. குள்ளி கடைக்குப் போகணும்" என்றாள் சோடாபுட்டி.

"ஒண்ணே ஒண்ணுதானே, போற வழியில முடிச்சிடலாம்" என்றாள் நெட்டை. நானும் போகிற வழியில் இரண்டு பக்கமும் துழாவிக்கொண்டே போனேன். பூட்டுக் கடை, பாய்க் கடை, எதிலும் ஒன்றும் சிக்கவில்லை.

குள்ளியின் கடை மைதானத்தின் கோடியில் இருந்தது. நான்கு மூங்கில், மேலே ஒரு தார்ப்பாய், ஒரு கட்டில் அகலத்துக்குப் பலகை. பலகையில் கவுன்களை அளவு வாரியாக அடுக்கி, கயிற்றிலும் பத்துப் பன்னிரண்டு தொங்கவிட்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் உயிர் வந்தது. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, முன்பே பேசிவைத்ததுதானே. பின்னால் அவள் அண்ணன், பேட்டரி விளக்கு அணைந்துவிடாமல் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பலகைக்கு இந்தப் பக்கம் கடைக்காரம்மா. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, கையில் மடக்கிய குடை. ஒரு மஞ்சள் கவுனை உள்ளங்கையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது.

"கை வேலை சுத்தமா இருக்கும்மா. நாப்பது முடியுமா, இல்லை முப்பதாப் போட்டுக்கலாமா?"

"நாப்பதே முடியும்மா" என்றாள் குள்ளி. 

இந்த இடத்தில்தான் நாங்கள் பேச வேண்டும். நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டும். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னதே கிடையாது. சோடாபுட்டி மட்டும், "ம், பிள்ளைங்களுக்குப் போடலாம்" என்றாள், மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிற குரலில். வாய் வேலை செய்யாததால் கை வேலை செய்ய ஆரம்பித்தது. நான் ஒரு நீலக் கவுனை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். தோள் தையலை இழுத்துப் பார்த்தேன். நெட்டையும் சோடாபுட்டியும் ஆளுக்கு ஒன்றை எடுத்துத் திருப்பினார்கள். மேஜைக்கு முன்னால் நிற்பதற்கும் அங்கே நிற்பதற்கும் வித்தியாசமே இல்லை.

"நூல் தொங்குது" என்று நெட்டை என் காதில் கிசுகிசுத்தாள். கை பையில் போய் ஸ்டிக்கரோடு வந்தது. "பத்து."

"அரை அங்குலம்கூட இல்லை. அது செல்லாது."

"செருப்பு மட்டும் செல்லுமா உனக்கு?"

"ஏய், இங்க ஒரு பட்டன் லேசா ஆடுதுடி" என்றாள் சோடாபுட்டி. வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான். "எனக்கு எட்டு."

கிசுகிசுப்பு எப்போது பேச்சானது என்று தெரியவில்லை. கடைக்காரம்மா திரும்பினார். நெட்டை கையில் இருந்த கவுனில் சிவப்பாக ஒரு அம்புக்குறி. அவர் அதைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா ஒட்டறீங்க?"

நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மாம்மா, ஒரு விளையாட்டு" என்றாள்.

"நீங்கள்லாம் கார்மெண்ட்ஸ்ல வேலை பாக்கறீங்களா?"

"ஆமாம்மா, செக்கிங்ல" என்றாள் சோடாபுட்டி. சமாளிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மேலும் சொன்னாள். "இந்த அக்கா பதினொரு வருஷமா செக்கர். இவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

கடைக்காரம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க மேடம். நான் மேலோட்டமாத்தான் பாத்தேன். நம்பி எடுக்கலாமா?"

மேடம். கம்பெனியில் என்னை ஏய் என்பார்கள், கழுகு என்பார்கள், கோபம் வந்தால் இன்னும் என்னென்னவோ சொல்வார்கள். மேடம் என்று ஒருவரும் சொன்னதில்லை. குள்ளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமே இல்லாத பார்வை. அக்கா இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்கிற பார்வை. எடுக்கலாம்மா என்று ஒரு வார்த்தை. அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் என் கட்டை விரல் அதற்கு முன்பே நீலக் கவுனின் அக்குளுக்குப் போயிருந்தது. கைப்பகுதியின் தையலும் பக்கத் தையலும் அங்கே ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. ஒரு அரிசி அகலத்துக்கு விலகியிருந்தது. குள்ளி தையலில் நான் ஒரு குறையைப் பிடித்துவிட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. பொறாமைதான், வேறென்ன. ஐந்தரை மணிச் சங்குக்குக் காத்திராமல் இவள் தனக்கென்று ஒரு கடை போட்டுவிட்டாள் என்ற எரிச்சல் ஐந்து மாதமாக எனக்குள் கிடந்தது.

"இங்க பாருங்கம்மா" என்று விளக்குக்கு நேராகப் பிடித்தேன். "ரெண்டு தையலும் ஒண்ணு சேரல. பிள்ளைங்க கையைத் தூக்கினா இழுவையெல்லாம் இங்கதான் விழும். ரெண்டு தடவை துவைச்சா பிரிஞ்சுடும். ஏற்கெனவே நூல் ஒண்ணு, பட்டன் ஒண்ணு. இதோட மூணு. எங்க கம்பெனியா இருந்தா மூணு பீஸ்ல மூணு குறை வந்தா மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிடுவோம்."

பேசும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

நான் சொன்னது பொய். குறை இருந்தது நிஜம். ஆனால் எங்களுக்கு மேஜர், மைனர் என்று இரண்டு உண்டு. மேஜர் என்றால் திருப்பி அனுப்புவது, மைனர் என்றால் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடுவது. மூன்றும் மைனர். கம்பெனியில் இதைவிட மோசமானதை நானே தினமும் நூறு தள்ளிவிடுகிறேன். அந்தக் கவுன் பத்து வருஷம் துவைத்தாலும் அங்கே பிரியாது.

கடைக்காரம்மா மஞ்சள் கவுனை மடித்துப் பலகையில் வைத்தார்.

"நல்ல வேளை. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு, உள்ள என்ன இருக்குன்னு நமக்கு எங்க தெரியுது. ரொம்ப நன்றி மேடம்." பிறகு குள்ளியைப் பார்த்து, "கோச்சுக்காதம்மா. இன்னும் கொஞ்ச நாள் பழகிட்டு வா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

 நெட்டைக்குத்தான் நிலைமை கடைசியில் புரிந்தது. அதற்குள் அவள் வாய், "சரி சரி, பத்து உனக்குத்தான்க்கா" என்று சொல்லி முடித்துவிட்டது.

அண்ணன் விளக்கு அணையாதபடி வயரை மூங்கிலில் சுற்றிவிட்டுக் கயிற்றில் தொங்கிய கவுன்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான். கோபமாக இறக்கவில்லை, மெதுவாக, மடிப்புக் கலையாமல் இறக்கினான். அவனுக்கும் அது நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. முடிவு எடுக்கிற பாரத்தை நான் வாங்கிக்கொண்டேனே.

"அண்ணா, இரு. இன்னும் ஒன்பது மணிகூட ஆகல" என்றாள் குள்ளி.

"இவங்க சொன்னதை நானும் கேட்டேன். பதினொரு வருஷ சர்வீஸ் உள்ளவங்க சொல்றாங்க. இதுக்கு மேல நான் என்ன பண்றது, சொல்லு."

குள்ளி பலகையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நினைத்தேன். நீலக் கவுனை நீட்டினாள்.

"மூணாவது எது, அக்கா? காட்டுங்க."

காட்டினேன். அவள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது மைனர்தானே."

"ஆமா."

"அவங்ககிட்ட பிரிஞ்சுடும்னு சொன்னீங்க."

"வாய் தவறி வந்துடுச்சுடி."

அவள் தலையை ஆட்டினாள்.  கவுனை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மற்றவற்றோடு அடுக்கினாள்.

"ஓடிப்போய் அந்தம்மாகிட்ட சொல்லலாம்டி, தப்பாச் சொல்லிட்டோம்னு" என்று சோடாபுட்டி என் கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரம்மா நான்கு கடை தள்ளி, பூட்டுக் கடையில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். குடையின் நுனி தெரிந்தது. இருபது எட்டு வைத்தால் போதும். நான் போகவில்லை. போனால், மேடம் என்று சொன்ன அதே வாய் என்னைப் பொய்க்காரி என்று சொல்லும். அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை. அவர் ஒரு பூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்து போவது வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திங்கட்கிழமை வரைக்கும்கூட அண்ணன் காத்திருக்கவில்லை. மறுநாள் பழப்பையோடு வந்த மாப்பிள்ளையோடேயே அனுப்பிவைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை சங்கு ஊதும்போது குள்ளி மூன்றாவது லைனில், தன் பழைய மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று புருஷன் மேலதிகாரிகளிடம் பேசி மறுபடியும் சேர்த்துவிட்டானாம். இடது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தாள். கதவு இடுக்கில் நசுங்கிவிட்டதாகப் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னாளாம்.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் எங்கள் மேஜைக்கு வந்தான். மச்சான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா. உடைஞ்ச குடும்பம் உங்களாலதான் ஒண்ணு சேந்துச்சு." கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். நான் எதையோ முனகினேன்.

பதினொரு மணிக்குக் குள்ளியின் முதல் கட்டு வந்தது. பன்னிரண்டு சட்டை. முதல் சட்டையை விரித்ததுமே தெரிந்துவிட்டது. துணியை நகர்த்துகிற கை இடது கை, அதில் இரண்டு விரல் வேலை செய்யவில்லை. காலர் ஏறி இறங்கியிருந்தது, பக்கத் தையல் பாம்பு போல ஓடியிருந்தது, ஒரு சட்டையில் தையலே விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டில் ஒன்பது மேஜர். அவற்றை மைனர் என்று சொல்லவே முடியாது. என் கை ஸ்டிக்கருக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, மேஜரைப் பார்த்தும் பார்க்காததுபோல் பன்னிரண்டையும் அந்தப் பக்கம் தள்ளினேன். இதையாவது செய்தேனே என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் சூப்பர்வைசர் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பேக்கிங் ஆட்கள் மேலே இருந்த சட்டையைப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள், எல்லோர் முன்னாலும்.

"இதை எப்படிக்கா விட்டீங்க? கழுகுக்கே கண்ணு போயிடுச்சா?"

"கவனிக்கல. என் தப்புதான்."

"உங்க தப்பு என்ன இருக்கு, தைச்சது நீங்களா?" என்று சிரித்தான். "அக்கா பாவம் பாத்து விட்டுட்டீங்க, எனக்குத் தெரியாதா. அதை அவ அட்வான்டேஜா எடுத்துக்கறா."

கட்டோடு மூன்றாவது லைனுக்கு நடந்தான். குள்ளியின் மடியில் பன்னிரண்டு சட்டையையும் ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு குனிந்து, யாருக்கும் மரியாதைக் குறைவாகத் தெரியாதபடி மெதுவாகச் சொன்னான். மெஷின்களெல்லாம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது.

"சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

குள்ளி நிமிர்ந்து, லைனைத் தாண்டி, எங்கள் மேஜையைப் பார்த்தாள். நான் அடுத்த கட்டைப் பிரித்துச் சட்டையைத் திருப்பினேன்.